பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

கோவிற்பட்டியில் எம் பாட்டனாரின் பழைய அம்பாசிடர் காருக்கு இசுசு எஞ்சின் பொருத்தியபோது, மரபு கெட்டதென உற்றார் வருந்தினர். யான் அதற்கு உடன்படேன். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழியில் 2014 வரை செய்யப்பட்ட அவ்வண்டியில், நெடுங்காலமிருந்த 1,489 சி.சி. எஞ்சினுக்கு மாற்றாக, 1990-களில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் ஆலையாரே அமைத்தனரன்றோ?

பிழை மாற்றுதலிலன்று, அளந்து பாராமல் மாற்றுதலிலேயே உளது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் பொருந்தாமையால் எம் வண்டி ஒரு திங்கள் பட்டறையிற் கிடந்தது. அதனைத் திருத்திப் பெரிய ரேடியேட்டர் வைத்த பின்னரே கரிசற்காட்டு வேனிலிற் கொதியாது ஓடிற்று. கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு விற்காது எண்ணெயிட்டுக் காத்துள்ளோம். முறைப்படி அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றத்தைப் பதிவித்தோம்.

மீண்டும் பழைய எஞ்சினைப் பூட்டத்தக்கவாறு செய்யும் மாற்றம் மரபைக் கொல்லாது. துருவேற நிறுத்திவைத்தலே கொல்லும் என்பது என் துணிபு.