பாட்டுக்கு வாடகை, பாட்டாளிக்கு என்ன பங்கு?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் நெடுஞ்சாலையில், திகனையையும் தெல்தெனியாவையும் கடந்து மலையேறினால் வருவது ஹுன்னஸ்கிரிய. பெருநகரமன்று, தேயிலை மலைகளுக்கிடையே அமைந்த ஒரு சிறு கடைவீதி. அங்கிருந்து பிரியும் பாதையொன்று லூலூவத்தை வழியாக நக்கிள்ஸ் மலைக்குள் நுழைந்து மீமுரையில் முடிகிறது. இன்று அந்த மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாயின் மடியிலும், மரக்கறிப் பாத்தியில் மண்வெட்டி பிடிக்கும் விவசாயியின் சட்டைப்பையிலும், பாடசாலை ஆசிரியரின் மேசையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. உலகத்துப் பாட்டெல்லாம் அதற்குள் அடக்கம் என்கிறார்கள். ஸ்பொட்டிபை அழைக்கிறது; அப்பிள் மியூசிக் அழைக்கிறது; யூடியூப் மியூசிக் அழைக்கிறது. இவற்றுள் எது நல்லது என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர்.

சட்டம் படித்தவரிடம் சங்கீதக் கேள்வி எதற்கு என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. செயலியைத் திறக்கும்போது "சம்மதம்" என்று விரலால் தொடுகிறோமே, அந்தக் கணத்தில் ஓர் ஒப்பந்தம் உண்டாகிறது. பணம் கைமாறுகிறது, அப்பணம் பலருக்குப் பங்கிடப்படுகிறது. ஒப்பந்தமும் பங்கீடும் எங்கே உண்டோ அங்கே நீதியும் அநீதியும் உண்டு. ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை.

வானொலி வளர்த்த செவி

பாட்டுக் கேட்பதில் நாம் நேற்றுப் பிறந்தவரல்லர். 1925ஆம் ஆண்டிலேயே கொழும்பில் வானொலி எழுந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் பி. வி. கேஸ்கர் அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தது. பாட்டுப் பசி கொண்ட தமிழகம் நம் கொழும்பை நோக்கிச் செவி திருப்பிற்று. 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னரும் அந்தப் பழக்கம் எளிதில் மாறவில்லை. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்ற பெயர்கள் கடலுக்கு அப்பாலும் வீட்டுப் பெயர்களாக விளங்கின.

அந்த வானொலி நம்மிடம் மாதந்தோறும் வாடகை கேட்டதில்லை. மழை பெய்தாலும் பாடிற்று. மலைக்குப் பின்னாலும் பாடிற்று. கேட்பவர் யார், எந்தப் பாட்டில் நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்று அது குறிப்பெழுதியதுமில்லை. இன்றைய செயலி எல்லாவற்றையும் குறித்துக் கொள்கிறது. கேட்ட பாட்டைக் கேட்ட வேளையில் தருகிறது என்பது அதன் பெருமை, மறுக்கவில்லை. ஆயினும் அதன் விலை என்ன என்று நிறுத்துப் பார்ப்பது நம் கடமை.

முதல் நிறுவை: சிக்னலும் டேட்டாவும்

நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதே ஒலியின் தரத்துக்கு அளவுகோல். ஸ்பொட்டிபை ஏறக்குறைய 24, 96, 160, 320 என்ற படிகளை வைத்திருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு முறையே 11, 43, 72, 144 மெகாபைட் ஆகும். அப்பிள் மியூசிக் 2021 முதல் ஒலி குன்றாத உயர்தரத்தை மேலதிகக் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் அந்த உயர்தரம் உறிஞ்சும் டேட்டா இதனினும் பன்மடங்கு. யூடியூப்பில் பாட்டைப் படத்தோடு பார்ப்பவர் படத்துக்கும் சேர்த்தே டேட்டா செலவழிக்கிறார். சந்தா இல்லாதவர் திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும்.

சிக்னல் ஒரு வளைவில் வந்து மறு வளைவில் மறையும் மலைப்பாதையில் வாழ்பவருக்கு வழி ஒன்றே: கண்டியிலோ தெல்தெனியாவிலோ இருக்கும்போது பாடல்களை இறக்கி வைத்துக்கொண்டு மலையில் கேட்பது. இந்த வசதி மூன்று நிறுவனங்களிடமும் உண்டு. ஆனால் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே. சிக்னல் குறைந்தவனுக்கே மிகவும் தேவையான வசதி, பணம் நிறைந்தவனுக்கே திறந்திருக்கிறது! இறக்கிய பாடலும் நமக்குச் சொந்தமன்று. ஸ்பொட்டிபையில் முப்பது நாளுக்கு ஒருமுறையேனும் இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அது மௌனமாகிவிடும்.

இரண்டாம் நிறுவை: கட்டணம்

ஸ்பொட்டிபையும் யூடியூப்பும் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்க இடங்கொடுக்கின்றன. அப்பிள் மியூசிக்கில் இலவச வழி இல்லை. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய்; 2024இல் 1,350 ரூபாய். மாதச் சந்தாவை இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ரீலோட் செலவையும் கூட்டிப் பாருங்கள். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது வெளிநாட்டுக் கட்டணங்கள் எப்படி எழுந்தன என்பதை வங்கி அட்டை வைத்திருக்கும் உத்தியோகத்தர் மறந்திருக்கமாட்டார். அட்டையே இல்லாதவருக்கோ கதவு பாதிதான் திறக்கும்.

ஆறு பேர்வரை சேர்ந்து கேட்கும் குடும்பத் திட்டம் மலிவானது என்பர். அதற்கு ஸ்பொட்டிபை விதிக்கும் நிபந்தனை, அனைவரும் ஒரே முகவரியில் வாழ வேண்டும் என்பது. லயத்தில் வாழ்வோர் பலர் தமக்கென்று ஒரு முகவரியே இல்லாமல், தோட்டத்தின் பெயரையே முகவரியாகக் கொண்டு தலைமுறைகளைக் கழித்தவர்கள் என்பதை அந்த நிபந்தனையை எழுதியவர் அறிவாரா?

மூன்றாம் நிறுவை: பெயரும் எழுத்தும்

ஸ்பொட்டிபை 2021 பிப்ரவரியில் இலங்கையை உள்ளிட்ட எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குத் தன் சேவையை விரிப்பதாக அறிவித்தபோது, தன் செயலியின் மொழிகளுள் தமிழையும் சேர்த்தது. பாராட்டுக்குரிய செயல். ஆனால் கதவில் தமிழ்ப் பலகை தொங்கினால் போதுமா? உள்ளே பாடல்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், ஒருவர் எழுதியபடி மற்றவர் எழுதாமல் கிடக்கின்றன. தாய்மொழி எழுத்தில் தேடும் முதியவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

"தமிழ்" என்று எழுதிய பெட்டியைத் திறந்தால் கோடம்பாக்கமே நிறைந்திருக்கிறது. கோடம்பாக்கத்தின் மீது நமக்குப் பகை இல்லை. அந்த இசையில் நாமும் வளர்ந்தோம். ஆனால் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த பொப் இசை இத்தீவின் தமிழுக்குரியது. மாசியில் தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும், பெரட்டுக்கு அழைத்த தப்பின் முழக்கமும் மலையகத் தமிழுக்குரியவை. இவற்றுக்கென்று தனித் தலைப்பு எங்கே? உள்ளவற்றுள்ளும் பெரும்பாலானவை மக்கள் தாமே பிடித்து யூடியூப்பில் ஏற்றியவை. பாடியவர் பெயரும் ஊரும் இல்லாமல் அநாதைகளாகக் கிடப்பவை.

நான்காம் நிறுவை: பங்கீடு

இதுவே தலையாய நிறுவை. ஸ்பொட்டிபை தன் இசை வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளருக்குக் கொடுப்பதாகச் சொல்கிறது. எப்படிக் கொடுக்கிறது? எல்லோர் பணத்தையும் ஒரே குவியலாக்கி, மொத்தம் ஒலித்த தடவைகளின் விகிதப்படி பிரிக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு எழுதுவோம். நூறு சந்தாதாரரிடமிருந்து பங்கிடுவதற்கென ஆளுக்கு 60 ரூபாய் சேர்கிறது. குவியல் 6,000 ரூபாய். நூறு பேரும் சேர்ந்து 60,000 தடவை பாட்டுக் கேட்டால் ஒரு தடவைக்குப் பத்துச் சதம். நம் ஹுன்னஸ்கிரிய விவசாயி மாலையில் மட்டும், காமன் கூத்துப் பாடல்களையே நூறு தடவை கேட்டார். கூத்தருக்குச் சேர்வது 10 ரூபாய். அவர் கொடுத்த 60 ரூபாயில் எஞ்சிய 50 எங்கே போயிற்று? அவர் ஒரு நாளும் கேட்டிராத, பகலெல்லாம் ஒலித்த பாடல்களுக்குப் போயிற்று.

அந்தப் பத்து ரூபாயாவது நிச்சயமா? அதுவுமில்லை. முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவை ஒலிக்காத பாடலுக்கு ஸ்பொட்டிபை 2024 முதல் பங்கே கொடுப்பதில்லை. சிறிய தொகைகள் வழியிலேயே கரைந்து போகின்றன, மோசடியையும் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கூறும் நியாயம். சிறிய மொழிக்குழுவின் சிறிய பாடலுக்கு அந்த நியாயம் அநியாயமாக முடிகிறதே! மாற்று வழி இல்லாமலும் இல்லை. சவுண்ட்கிளவுட் 2021இல் தன் சுயேச்சைக் கலைஞருக்கென ஒரு முறையைத் தொடங்கியது: ஒருவர் செலுத்தும் பணம் அவர் கேட்ட கலைஞர்களுக்கே செல்லும். ஒருவரால் முடிந்தது மற்றவரால் ஏன் முடியாது?

நம் இரத்தத்தோடு கலந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து வெளிவந்த "எஞ்சாயி எஞ்சாமி" கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியாரின் வாழ்வே அப்பாடலுக்கு ஊற்று என்று அறிவு கூறியிருக்கிறார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கும் தம் தோழர்க்கும் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் வேறு விளக்கம் தந்தது. யார் சொல் சரி என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே அமரவில்லை. உலகறிந்த கலைஞருக்கே பங்கு குறித்து வழக்காட நேர்ந்தால், லயத்து வாசலில் தப்படிக்கும் கலைஞனின் கதி என்ன என்றே கேட்கிறோம்.

ஐந்தாம் நிறுவை: நிலைபேறு

கூகிள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. இந்தியாவின் ஏர்டெல் நிறுவனம் 2014இல் தொடங்கிய விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பட்டியல்களும் இறக்கிய பாடல்களும் அதனோடு போயின. வாடகை வீட்டில் எத்தனை படம் மாட்டினாலும் சுவர் நமதாகாது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியெடுத்தபோது மண் சரிந்தது, மின்சாரம் போயிற்று, பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அந்த இருட்டில் எந்தச் செயலியும் பேசாது; பற்றரியில் இயங்கும் சிறு வானொலி பேசும். அதை வீட்டிலிருந்து எறிந்துவிடாதீர்கள்.

ஆக, நம் தீர்ப்பு இது. நல்ல சிக்னலும் நல்ல ஒலிக்கருவியும் அப்பிள் தொலைபேசியும் உடைய நகரத்து உத்தியோகத்தருக்கு அப்பிள் மியூசிக் பொருந்தும். குறைந்த டேட்டாவில் கேட்க விரும்பும் மலைவாசிக்கு ஸ்பொட்டிபை ஏற்றது. தரத்தை 96க்கு மேல் உயர்த்தாதிருந்தால் செலவு கட்டுக்குள் நிற்கும். இத்தீவின் அரிய தமிழ்ப் பாடலைத் தேடுபவருக்கு இன்றைக்கு யூடியூப்பே கதி. ஆனால் பங்கீட்டிலும் நிலைபேற்றிலும் இம்மூன்றில் எதற்கும் நாம் நற்சான்று வழங்க மாட்டோம்.

சட்டம் தரும் ஆயுதம்

"அரிசிக்கே வழியில்லை, பாட்டுக்கு உரிமை பேசுகிறீர்களே" என்பாருண்டு. அவர்களுக்கு 1948ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மலையக மக்களிடம் கேட்டதென்ன? உன் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. சான்று காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். ஏடு இல்லாத மக்களின் வரலாறு அவர்கள் பாட்டில் இருந்தது. வந்த வழியும், கங்காணியின் கொடுமையும், மலையில் புதைத்த பிள்ளையும் அதில் இருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்தார் சி. வி. வேலுப்பிள்ளை. 2023இல் மலையக வரலாற்றின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறு ஆண்டின் குரலைப் பாடத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். குரல் போனபின் உரிமை கேட்டு என்ன பயன்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. வணிக நோக்கத்தோடு அவற்றைப் பிரதி செய்யவோ பரப்பவோ உரிய அதிகார பீடத்தின் அனுமதி வேண்டும். அதனால் கிடைக்கும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கே செலவாக வேண்டும். பாடுபவருக்கும் இசைப்பவருக்கும் தனியுரிமை உண்டென்று அதே சட்டம் கூறுகிறது. ஆனால் திருவிழாவில் தொலைபேசியோடு வந்த ஒருவர் கூத்தைப் பதிந்து தம் பெயரில் ஏற்றிவிட்டால், பின்னர் கூத்தர் தம் பாட்டைத் தாமே ஏற்றும்போது "இது பிறருடையது" என்று இயந்திரம் தடுக்கக் கூடும். உறங்குபவனுக்குச் சட்டம் துணை வராது.

எனவே நாம் கோருவன இவை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன்னிடமுள்ள தமிழ் ஒலிப்பதிவுகளுக்கு முழுப் பட்டியல் வெளியிட்டு, மக்கள் கேட்கத் திறந்துவிட வேண்டும். 24ஆம் பிரிவின் கீழ் அரசு எடுக்கும் எந்த நடவடிக்கையிலும் மலையகத் தமிழருக்கு இடம் வேண்டும். இசை நிறுவனங்கள் இத்தீவின் தமிழ்ப் பாடல்களுக்குத் தனித் தலைப்பும் தமிழ் எழுத்தும் தர வேண்டும். ஆயிரம் என்ற வேலியைச் சிறிய மொழிக்குழுக்களுக்காகத் தளர்த்த வேண்டும்.

கோரிக்கையோடு நின்றுவிட்டால் நாம் அரை மனிதர். தோட்டந்தோறும் இளைஞர் நால்வர் முன்வரட்டும். கூத்தையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதியட்டும். பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் தமிழில் எழுதட்டும். பதியும் முன்னரே உரிமை யாருக்கு, பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறட்டும். அந்தத் தாளை எழுதிக் கொடுக்கக் கண்டி நகரத்துத் தமிழ்ச் சட்டத்தரணிகள் கூலி கேட்க வேண்டாம். ஒரு பிரதி தோட்டத்து மண்டபத்தில் இருக்கட்டும். மற்றொன்று 2005 முதல் நம் ஏடுகளைக் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்குச் செல்லட்டும். அதன் பிறகு எந்தச் செயலியிலும் ஏற்றுங்கள்.

வரும் மாசிக்கு முன் இந்தப் பணி ஹுன்னஸ்கிரியவில் தொடங்கட்டும். கண்டி மாவட்டத்தின் மற்றைத் தோட்டங்கள் அதைப் பின்பற்றட்டும்.