குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் புலன் உணர்வுச் சிக்கல்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தினர்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009

பொருள்: குறைமாதக் குழந்தைகளின் தொடர் கண்காணிப்பை ஆறு வயது வரை நீட்டித்து, அதில் புலன் உணர்வையும் தன்னைத் தணித்துக்கொள்ளும் திறனையும் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

37 வாரம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளைப் பிழைக்கவைப்பதில் அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஆற்றிவரும் பணிக்கு எங்கள் நன்றி. பெட்டியில் வைத்து வளர்த்த பிள்ளை வீடு திரும்பிய பிறகு எடை, விழித்திரை, செவித்திறன் ஆகியவை பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால் அதே பிள்ளை மூன்று வயதில் மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதையும், சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டதும் குமட்டுவதையும், அழத் தொடங்கினால் அடங்க முடியாமல் தவிப்பதையும் யாரும் முறையாகக் கேட்டுப் பதிவதில்லை. கேட்காததால் அது வீட்டில் அடம் என்றும், அங்கன்வாடியில் வளர்ப்புக் குறை என்றும் பெயர் பெறுகிறது.

இதன் வேர் பிறப்பிலேயே இருக்கிறது. கருவில் ஏறத்தாழ 25 வாரத்தில் செவி வேலை செய்யத் தொடங்கும்போது, தாயின் உடலும் பனிக்குட நீரும் வடிகட்டித் தரும் மங்கிய ஒலியே குழந்தையை எட்டும். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கோ கருவில் கழித்திருக்க வேண்டிய வாரங்களில் மானிட்டர் அலறல், அணையாத விளக்கு, குதிகாலில் ஊசி, தோலோடு உரியும் பிளாஸ்திரி. சாதாரணப் பேச்சே சுமார் 60 டெசிபல். இப்பிரிவுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997-இல் அறிவுறுத்தியது. பல நாடுகளில் அளந்து பார்த்தபோது அந்த வரம்பு மீறப்படுவதே வழக்கமாக இருந்தது. உயிர் காக்கும் சிகிச்சையை நாங்கள் குறை கூறவில்லை. அதன் விலையில் ஒரு பகுதியைக் குழந்தையின் நரம்பு மண்டலம் செலுத்துகிறது என்பதே எங்கள் வாதம்.

அந்த விலையைக் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர், 14 நாள் தினமும் ஒரு மணி நேரம் கங்காரு பராமரிப்பு (தாயின் நெஞ்சில் தோலோடு தோல் சேர்த்து வைத்தல்) பெற்ற குழந்தைகளைப் பத்து வயதில் பரிசோதித்தபோது, உறக்கமும் மன அழுத்தத்தைத் தாங்கும் விதமும் மேம்பட்டிருந்ததை 2014-இல் வெளியிட்டனர். அது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல. ஆனால் அம்முறையில் பிரித்து கொலம்பியாவின் போகோட்டாவில் நடந்த ஆய்வில் கங்காரு பராமரிப்பு பெற்ற குழந்தைகளும் இருபது ஆண்டுக்குப் பின் குறைந்த ஆவேசமும் மிகைச் செயல்பாடும் காட்டினர்.

‘புலன் ஒருங்கிணைப்புக் குறைபாடு அங்கீகரிக்கப்பட்ட நோயே அல்ல’ என்ற ஆட்சேபம் எழலாம். உண்மைதான். அதைத் தனி நோயாகக் குறிக்க வேண்டாம் என்றும், அதற்கான சிகிச்சைக்குச் சான்று குறைவு என்றும் அதே அமெரிக்கக் கழகம் 2012-இல் கூறியது. நாங்கள் கேட்பது நோய்ப்பெயரை அல்ல. அரசு மையம் கேள்வி கேட்காத இடத்தில், பெயர் சூட்டிக் கட்டணம் வாங்கும் தனியார் மையங்களே பெற்றோருக்கு மிஞ்சுகின்றன. சான்று குறைவான துறையில்தான் பொறுப்புள்ள அரசு மருத்துவரின் கண் அதிகம் தேவை. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பதும் பல குழந்தைகளின் விஷயத்தில் மெய்யே. யாருக்குச் சரியாகாது என்பதைப் பின்தொடராமல் எப்படிப் பிரித்தறிவது? முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிடும் திருத்திய வயது பொதுவாக இரண்டு வயதோடு கைவிடப்படுகிறது. கண்காணிப்பும் அத்துடன் தளர்ந்துவிடுகிறது. சிக்கல் வெளிப்படுவதோ அதன் பிறகு, கூட்டமும் இரைச்சலும் உள்ள அங்கன்வாடியில்.

செலவு குறித்த தயக்கத்துக்கும் இடமில்லை. 2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம்) திட்டத்தின் நடமாடும் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்பது விதி. ‘எத்தனையாவது வாரத்தில் பிறந்தது?’ என்ற கேள்வியும், உறக்கம், உணவு, ஒலி, தொடுதல் பற்றிய நான்கு கேள்விகளும் அவர்கள் படிவத்தில் சேர்ந்தால் போதும். ஐயத்துக்குரிய குழந்தையை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் பார்க்கட்டும். அங்கு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடம் நிரந்தரமாக இருக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒலி அளவு மானி பொருத்துவதையும், இரவில் விளக்கைத் தணிப்பதையும், தாய் குழந்தையின் பக்கத்திலேயே தங்க நாற்காலியும் இடமும் தருவதையும் ஆணையாக வெளியிட்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்