மிருதங்கத்தைத் தேடி வந்த சாக்ஸபோன்

ஜாஸ் ரசிகர்கள் இப்போது நியூயார்க்கோடு நிற்பதில்லை. கானாவின் ஹைலைஃப் தட்டுகளையும் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அக்ரா வரை போகிறவர்கள், பெங்களூரில் முளைத்த ஒரு ஆல்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

'ஜோதி' என்பது அதன் பெயர். ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனம் 1983-ல் வெளியிட்டது. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தவர் சார்லி மரியானோ. பாஸ்டனில் 1923-ல் பிறந்தவர். சார்ல்ஸ் மிங்கஸின் 1963-ம் வருடத்து புகழ்பெற்ற ஆல்பத்தில் வாசித்தவர். அறுபதுகளில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தரப் போன இடத்தில் நாகஸ்வரம் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, கற்றுக்கொண்டார். 1973-ல் 'எம்ப்ரியோ' என்ற ஜெர்மானிய ராக் குழுவின் தட்டில்கூட அவருடைய நாகஸ்வரம் ஒலிக்கிறது. நம் கல்யாண மண்டபங்களில் பேச்சுச் சத்தத்துக்குப் பின்னணியாகிப்போன வாத்தியத்துக்கு இப்படியும் ஒரு சீடர்!

அவரோடு சேர்ந்தது, டி.ஏ.எஸ். மணி 1964-ல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பர்கஷன். மணியின் மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபாலின் கடம், டி.என். சசிகுமாரின் கஞ்சிரா, இடையிடையே கொன்னக்கோல். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. ஆகவே ஜாஸ் வாசிப்பவர் வழக்கமாகக் காலூன்றும் கார்டு வரிசையும் இல்லை. தம்பூராவின் சுருதி ஒன்றுதான் தரை.

வழக்கமான ஃப்யூஷன் கச்சேரி நமக்குத் தெரியும். ஆளுக்கு ஐந்து நிமிடம் வேகம் காட்டுவார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு மோரா வைப்பார்கள், கைதட்டல். 'ஜோதி'யில் அந்தப் பந்தயம் இல்லை. மரியானோ அவசரப்படாமல் ராகத்தின் ஓரத்தில் நின்று கேட்கிறார், பிறகு பேசுகிறார். கமகங்களை முழுதாகப் பிடிக்க அவர் முயலவில்லை. அது கத்ரி கோபால்நாத்தின் வேலை. (அமெரிக்காவின் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு அவர் வாசித்த 'கின்ஸ்மென்', 2008, இன்னொரு நல்ல தட்டு.) ஜாஸ் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது 'இம்ப்ரவைசேஷன்' என்ற சொல்லுக்கு 'மனோதர்மம்' என்று எழுதத் தயங்குவேன். இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி. இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது மட்டும் அந்தக் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

எல்லாம் சரி, அட்டையைப் பாருங்கள். முதலில் மரியானோ, அடுத்து கல்லூரி, அதற்கும் பிறகுதான் ஆர்.ஏ. ரமாமணியின் பெயர். ஆனால் இசையை அமைத்தவர் ரமாமணி. தட்டு தொடங்குவதே அவருடைய தனிக் குரலில்தான். விற்பனைக்கு எந்தப் பெயர் உதவும் என்று நிறுவனத்துக்குத் தெரியும், அதில் வியப்பில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ரசிகர்கள் இதை 'மரியானோவின் இந்திய ஆல்பம்' என்றே குறிப்பிடுவதுதான் உறுத்துகிறது. மரியானோவே அப்படி நினைத்திருப்பார் என்று வாசிப்பைக் கேட்டால் தோன்றவில்லை. பல இடங்களில் அவர் பாடகியின் பக்கவாத்தியக்காரர் மாதிரிதான் நடந்துகொள்கிறார்.

கானாக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 1956-ல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் அக்ராவுக்கு வந்தபோது உள்ளூர் டிரம்பெட் கலைஞர் ஈ.டி. மென்சாவும் அவரோடு வாசித்தார். அதற்காக ஹைலைஃப் வரலாறு ஆர்ம்ஸ்ட்ராங்கிலிருந்து தொடங்குவதில்லை. அங்கே மென்சாதான் ராஜா.

மரியானோ 2009-ல் ஜெர்மனியில் காலமானார். மணி 2020-ல். 'ஜோதி'யைக் கேட்க உட்காருகிறவர்கள் 'வந்தனம்', 'வர்ஷினி' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் தடவை சாக்ஸபோனைக் கவனியுங்கள், தவறில்லை. இரண்டாம் தடவை குரலை மட்டும்.