சுற்றிப் போனால் நஷ்டமா?

தர்மபுரிக்குப் பக்கத்தில் இருக்கிறது வத்தல்மலை. காப்பியும் மிளகும் சாமையும் விளைகிற மலை. சரியான சாலை இல்லாத காலத்தில், விளைந்ததைத் தலைச்சுமையாகத்தான் கீழே இறக்கினார்கள்.

இப்போது சாலை இருக்கிறது. ஆனாலும் ஒரே ஒரு மூட்டைக்காக யாரும் மலைக்கு லாரி அனுப்பமாட்டார்கள். பத்து வீட்டு மூட்டைகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் வாடகை கட்டுப்படியாகும்.

கடலிலும் இதே கணக்குத்தான்!

கொழும்புக்கு ஏன்?

இந்தியக் காப்பிக்கொட்டையை மிக அதிகமாக வாங்கும் நாடு இத்தாலி. அது மேற்கே இருக்கிறது. ஆனால் தூத்துக்குடியில் ஏற்றப்படும் சரக்குப் பெட்டிகள் பல, நேராக மேற்கே போவதில்லை. முதலில் சிறு கப்பலில் கொழும்புக்குப் போகின்றன. அங்கே இறங்கி, காத்திருந்து, பெரிய கப்பலில் ஏறுகின்றன.

"மேற்கே போகவேண்டிய சரக்கு தெற்கே போவானேன்? வீண் செலவல்லவா?" என்று தோன்றும்.

வீண் செலவு அல்ல. இன்றைய மிகப் பெரிய கப்பல்களில் இருபதடிப் பெட்டிகள் 20,000-க்கு மேல் ஏறும். கப்பல் நிறைந்தால் பெட்டிக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் அப்படிப்பட்ட கப்பலுக்கு ஏறக்குறைய 16 மீட்டர் ஆழம் வேண்டும். சில நூறு பெட்டிகளுக்காக அது ஊர் ஊராக நின்று போனால், எண்ணெயும் வீண், நாளும் வீண். அதனால்தான் பெருங்கடல் பாதையை ஒட்டிய கொழும்பில் அது நிற்கிறது. சரக்கு அதைத் தேடிப் போகிறது.

ஆகவே சுற்றுவழியைத் திட்டிப் பயனில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு.

கூலி யாருக்கு?

பெட்டியை இறக்கக் கூலி. ஏற்றக் கூலி. இந்தக் கூலி துறைமுகம் இருக்கும் நாட்டுக்குத்தான் போகும். கப்பல் மாற்றி அனுப்பப்படும் இந்தியச் சரக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு, பல ஆண்டுகளாகக் கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கப்பல் மாறிவந்தது.

கேரளத்தில் விழிஞ்சம் துறைமுகம் 2025 மே 2-ந் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையிலேயே ஆழமான கடல். பெரிய கப்பல்கள் வருகின்றன. தூத்துக்குடிச் சரக்குக்கு அதுவும் ஒரு சுற்றுவழிதான். ஆனால் கூலி நாட்டுக்குள்ளேயே நிற்கும்.

துறைமுகம் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும். வேலை சுறுசுறுப்பாக நடக்கவேண்டும். இல்லாவிட்டால் கப்பல் பழைய இடத்துக்கே போய்விடும்.

மலைக்கும் இதே பாடம்

மூட்டைகள் சேரும் இடம் வியாபாரியின் கிடங்கானால், சேர்ப்பதால் வரும் ஆதாயம் வியாபாரிக்கு. விளைவித்தவர்கள் கூடி நடத்தும் சங்கக் கிடங்கானால், அந்த ஆதாயம் அவர்கள் வீட்டுக்கு.

சரக்கு சுற்றிப் போவதில் தப்பில்லை. அது கூடும் இடம் நம்முடையதாக இருக்கவேண்டும். மலையானாலும் சரி, கடலானாலும் சரி, லாபம் அங்கேதான் இருக்கிறது!