தம்புராவின் நூல்

நம் சங்க அறைக்குப் புதிய ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறோம். வால்வு வைத்ததே வேண்டும், அதில்தான் இனிமை என்கின்றனர் நண்பர்கள் சிலர். இனிமை உண்டு, நான் மறுக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது? அத்தகைய கருவிகள் பல, வரும் சுரத்தோடு அதன் இரட்டை அதிர்வையும் சிறிது கலந்து தருகின்றன. 220 ஹெர்ட்சுக்கு 440 துணை சேரும். மேல் ஸ்தாயியில் அதே சுரம். ஆகவே காதை உறுத்துவதில்லை. ஆனால் பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கையில், யாரும் வாசிக்காத ஒலிகளும் பிறந்து இசை கலங்கும்.

தம்புராவில் தந்திக்கடியில் நூலிட்டு ஜீவா கூட்டுவதில்லையா என்பர். கூட்டுகிறார்கள். அந்த நூல் கலைஞர் இட்டது. அதன்மேல் இன்னொரு நூலிட இயந்திரத்துக்கு என்ன உரிமை? உள்ளதை உள்ளபடி தரும் கருவிக்கே என் வாக்கு.