பை அச்சடிக்கும் முன் பெயரைத் தேடுங்கள்

மஞ்சளைக் கிழங்காக விற்காமல் தூளாக்கி விற்பது, நிலக்கடலையைக் காயாகப் போடாமல் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்பது என்று சிறு விவசாயிகள் பலர் மதிப்புக் கூட்டும் தொழிலில் இறங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஈரப்பதம் எத்தனை சதம், சல்லடைக் கண் எந்த அளவு என்றெல்லாம் துருவிக் கேட்கும் விவசாயி, பையின் மேல் போட வேண்டிய பெயரை மட்டும் அச்சகத்து வாசலில் நின்றபடி முடிவு செய்துவிடுகிறார். பயிற்சி அளிப்பவர்களும் பெரும்பாலும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது பெரிய குறை.

அவர் வைத்த பெயரை வேறு மாவட்டத்து ஆலை ஒன்று முன்பே பதிவு செய்திருப்பதாக வைத்துக் கொள்வோம். சந்தையில் பத்துக் கிலோ விற்கும் வரை யாரும் கேட்கப் போவதில்லை. பக்கத்து நகரத்துக் கடைகள் சரக்குக் கேட்கத் தொடங்கும் நேரத்தில்தான் வக்கீல் நோட்டீஸ் வரும். அச்சடித்த பைகள் வீணாகும். அதைவிடப் பெரிய நட்டம், வாடிக்கைக்காரர் மனத்தில் நான்கைந்து ஆண்டுகளாகப் பதிந்த பெயரைக் கைவிட நேர்வதுதான்.

"உத்யம் சான்று இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, உணவுப் பாதுகாப்புத் துறை உரிமமும் வாங்கியாயிற்று, பெயர் என்னுடையதுதானே?" என்று பலர் எண்ணுகிறார்கள். இவற்றுள் எதுவும் பெயருக்கு உரிமை தருவதில்லை. ஒரே பெயரில் பத்துப் பேருக்கு உத்யம் சான்று கிடைக்கலாம். சரக்கின் பெயருக்குப் பாதுகாப்பு தருவது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின்படி செய்யும் டிரேட் மார்க் பதிவுதான்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்குவோருக்கு இன்னொரு படியும் உண்டு. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் கம்பெனி அமைக்கலாம். பெயரின் கடைசியில் 'புரொட்யூசர் கம்பெனி லிமிடெட்' என்ற சொற்கள் வர வேண்டும். ஏற்கெனவே உள்ள கம்பெனியின் பெயரை ஒத்திருந்தால் ஒப்புதல் கிடைக்காது. ஒருமையைப் பன்மையாக்குவது, இரு சொற்களைச் சேர்த்து எழுதுவது, எழுத்துக் கூட்டலை மாற்றுவது போன்ற உபாயங்கள் செல்லுபடியாகா. ஒப்புதல் கிடைத்துவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதே போன்ற வணிகக் குறியை முன்பே பதிவு செய்தவர், கம்பெனி பதிவான மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட்டால், பெயரை மாற்றும்படி உத்தரவு வரலாம். ஆகவே கம்பெனிப் பெயர், வணிகக் குறி ஆகிய இரண்டு இடங்களிலும் தேடிப் பார்ப்பது அவசியம்.

எந்தப் பெயர் நல்லது? 'சுத்தமான மரச்செக்கு எண்ணெய்', 'நாட்டு மஞ்சள்' போன்றவை சரக்கை விவரிக்கும் சொற்களே தவிரப் பெயர்களல்ல. பொதுவாக இவற்றைப் பதிவு செய்ய முடியாது. முடிந்தாலும் அடுத்த கடைக்காரர் அதே சொல்லைப் போடுவதைத் தடுக்க இயலாது. ஊர்ப் பெயரை மட்டும் வைப்பதிலும் இதே சிக்கல்தான். ஈரோடு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அப்பெயர் தனி ஒருவருடையதன்று. அப்பகுதியில் அதை விளைவிப்போருக்குப் பொதுவானது. அங்குள்ள விவசாயி அதைப் பயன்படுத்துவதற்கு அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்து கொள்வதே முறை. காந்தியடிகள், நேரு போன்ற தலைவர்களின் பெயர்களை மத்திய அரசின் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. சாமி பெயர் வைக்கத் தடையில்லை என்றாலும், ஊருக்கு நாலு முருகன் இருக்கும்போது நம் முருகனை வாடிக்கைக்காரர் எப்படி அடையாளம் காண்பார்?

வெளியே தேடி அலைவதைவிடத் தம் நிலத்தையே விவசாயி ஒருமுறை சுற்றி வரலாம். நம் கிராமங்களில் பெயரில்லாத வயல் எது? நாவல்மரத்து வயல், ஏற்றக்கிணற்றுத் தோட்டம், பனங்காட்டு மேடு என்று தாத்தா காலத்துப் பெயர்கள் பட்டாவில் இல்லாவிட்டாலும் பேச்சில் வழங்குகின்றன. அவற்றைச் சுருக்கி இரண்டு சொல்லாக்கினால், விளம்பரக் கம்பெனிக்குப் பணம் கொடுத்தாலும் கிடைக்காத பெயர் கிடைக்கும். ஆனால் வேறு ஊரிலும் நாவல் மரம் இருக்கும் என்பதால், அதையும் தேடிப் பார்த்தே வைக்க வேண்டும்.

வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். நம் சொற்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றே நாலு விதமாகும்; ஆகவே ஒலியொப்புமை முறையிலும் தேடுவது நல்லது. சரக்குகள் வகுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எண்ணெயும் நெய்யும் 29. அரிசி, மஞ்சள் தூள், தேன், வெல்லம் 30. விதை, பச்சைக் காய்கறி 31. தனி நபரும் சிறு தொழில் நிறுவனமும் இணையவழியில் விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஐந்து சரக்கு விற்பவர் முதலில் அதிகம் விற்கும் சரக்கின் வகுப்பில் மட்டும் பதிவு செய்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். பதிவு ஆகும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் பையில் போடுவது சட்டப்படி குற்றம். அச்சகத்தார் அழகுக்காகப் போட்டாலும் பொறுப்பு விற்பவருடையதே.

கூட்டாகத் தொழில் செய்வோர் மிகவும் கவனிக்க வேண்டியது, விண்ணப்பம் யார் பெயரில் போகிறது என்பதை. அவசரத்துக்குத் தலைவர் பெயரிலோ, ஓடியாடி வேலை பார்த்த ஒருவர் பெயரிலோ போட்டுவிடுகிறார்கள். நாளை மனக்கசப்பு வந்து அவர் விலகினால் பெயரும் அவரோடு போய்விடும். நூறு குடும்பங்களின் உழைப்பில் வளர்ந்த பெயர் ஒருவர் கையில் இருப்பது நியாயமன்று. கம்பெனி பதிவாகும் வரை பொறுத்து, கம்பெனியின் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பொறுக்க முடியாவிட்டால், பின்னால் கம்பெனிக்கு மாற்றித் தருவதாக முதலிலேயே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே ஒரு பெயரில் விற்று வருபவர்களும் இந்த வாரமே தேடிப் பார்க்கட்டும். நமக்குப் பிறகு வேறொருவர் அதே பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிப் பதிவும் செய்திருந்தால், முந்திய பயன்பாட்டுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதை மெய்ப்பிக்கத் தேதியிட்ட ரசீதுகள், அச்சகத்துப் பில்கள், பழைய பைகள் வேண்டும். அவற்றை எலி கடிக்காமல் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைக்கவும். மற்றவர்தான் முந்தியவர் என்று தெரிந்தால், சரக்கு இருப்புக் குறைவாக உள்ள மாதத்தில் புதுப் பெயருக்கு மாறிவிடுவதே சிக்கனம்.