அப்பாவை ஊருக்கு அனுப்பலாமா?

இதயநோய்ப் பிரிவிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில் பெரும்பாலும் இரண்டு உரையாடல்கள் நடைபெறுகின்றன. கட்டிலருகே நின்று மாத்திரைகளைப் பற்றியும் உணவைப் பற்றியும் நாங்கள் பேசுவது ஒன்று. மற்றொன்று அறைக்கு வெளியே, தாழ்ந்த குரலில் நடப்பது. மகனோ மகளோ எங்களைத் தனியே அழைத்து, “டாக்டர், அப்பா ஊருக்குத்தான் போவேன்னு பிடிவாதமா நிக்கிறாரு. போகக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவாரு” என்பார்கள். எதிர்த்திசையிலும் இக்கோரிக்கை வருவதுண்டு. நகரத்து வீட்டில் இடமில்லாத குடும்பத்தார், “ஊர்க் காத்துதான் அவருக்கு நல்லதுன்னு சொல்லிருங்க” என்று கேட்பார்கள்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நாங்கள் மறுத்து வருகிறோம். அதனால் சில குடும்பங்களுக்கு எங்கள்மீது வருத்தமும் உண்டு. எங்கள் நிலைப்பாட்டை விளக்குவது நம் இதழின் வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

ஊருக்குப் போகக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் இருக்குமானால், அதை நோயாளியின் முகத்துக்கு நேராகவே சொல்வோம். மாரடைப்புக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் அத்தகையவை. இதயம் சுருங்கி விரியும் திறன் வெகுவாகக் குறைந்து, மூச்சிரைப்போடு மீண்டும் மீண்டும் சேர்க்கப்படுவோருக்கும் மருத்துவமனையின் அருகாமை வேண்டும். உலோக வால்வு பொருத்தப்பட்டு, இரத்த உறைவின் அளவு நிலைப்படும்வரை அடிக்கடி பரிசோதித்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டியோர், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோருக்கும் அவ்வாறே. இவர்களிடம் நாங்கள் தயங்குவதில்லை.

ஆனால் நம் பிரிவிலிருந்து வீடு திரும்பும் பலர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்லர். ஸ்டென்ட் வைத்து, நடந்து பழகி, நிலை சீரானவர்கள். அவர்கள் எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கே உண்டு. பிள்ளைகளின் அன்பும் அச்சமும் நியாயமானவைதாம். என்றாலும், வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய வழக்குக்கு மருத்துவரின் பெயரில் தீர்ப்பு வாங்குவது முறையன்று. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் தம் வாசலையும் தெருவையும் இழப்பது சிறிய இழப்பு அன்று. அதைச் செய்யத்தான் வேண்டுமென்றால் உண்மையான காரணத்தோடு செய்ய வேண்டும்.

இனி, ஊரைப் பற்றி. கிராமத்துக் காற்றும் கீரையும் இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் ஓரளவே உண்மை. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், வற்றல் வடகம் ஆகியவை நகரத்தைவிட ஊர்ப் பந்தியில்தான் தாராளம். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இடையில் புகையிலை, அடுப்படியில் விறகுப் புகை என்றிருக்கும் வீட்டுக்கு வெளியே எத்தனை வேப்பமரம் நின்றாலும் பயன் சிறிதே. நீரிழிவும் நகரத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011-இல் வெளிவந்தபோதே, தமிழ்நாட்டின் நகரங்களில் 13.7 விழுக்காடும் கிராமங்களில் 7.8 விழுக்காடும் நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது.

இதைவிட எங்களைச் சிந்திக்க வைத்தது ‘ப்யூர்’ என்ற பன்னாட்டு ஆய்வு. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரத்த அழுத்தம், உடற்பருமன், கொழுப்பு முதலிய அபாயங்களை ஒன்றுசேர்த்து அளந்தபோது நகரத்தாரிடமே அவை மிகுதி. அப்படியானால் மாரடைப்பும் பக்கவாதமும் நகரத்தில்தானே கூடுதலாக இருக்க வேண்டும்? முடிவு நேர்மாறாக இருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் நகரத்தில் 4.83 பேரும் கிராமத்தில் 6.25 பேரும் இதய, இரத்தநாளப் பாதிப்புக்கு உள்ளானார்கள். பாதிக்கப்பட்டவர்களுள் இறந்தோர் நகரத்தில் 13.52 விழுக்காடு; கிராமத்தில் 17.25 விழுக்காடு. அபாயம் குறைவாக இருந்தும் இறப்பு கூடுதல். சிகிச்சை எட்டும் தொலைவில் இருந்ததா, தொடர்ந்து கிடைத்ததா என்பதே வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணமாக எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஊருக்குப் போக விரும்புவோரிடம் காற்றைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை. நிமிடங்களைப் பற்றிக் கேட்கிறோம். மாரடைப்பில் இரத்தம் கிடைக்காத இதயத் தசை நேரம் செல்லச் செல்ல மடிகிறது. பக்கவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். “பக்கத்துலதான் டாக்டர், அரை மணி நேரம்” என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பகலில், சொந்த வாகனத்தில், ஓட்டுநர் தயாராக நிற்கும்போது ஆகும் கணக்கு. இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு ஆகும்? யாரை எழுப்புவீர்கள்? ஈ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியும் போடக்கூடிய மருத்துவமனை உங்கள் தாலுகாவில் எது? தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழையுமா, ஊர்ப் பொதுமேடையிலேயே நின்றுவிடுமா? ஓர் இரவு வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை வாசல்வரை ஒருமுறை போய்ப் பார்த்து, ஆன நேரத்தை ஒரு தாளில் எழுதி வாருங்கள் என்று சொல்கிறோம். சிலர் சிரிப்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் சிரித்ததில்லை.

இந்த நிமிடங்கள் முன்னைவிடக் குறைந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 108 சேவை தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாரடைப்பு என்று ஐயம் எழும்போது முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பும் ஏற்பாடு 2023 முதல் உள்ளது. நெஞ்சுவலியோடு அங்கே போய் என்ன ஆகப்போகிறது என்று நேரே நூறு கிலோமீட்டர் தாண்டி நம்மிடம் வருவது வீண் துணிச்சல்.

மாத்திரைகளில் இன்னொன்று. ஸ்டென்ட் வைத்தவருக்கு இரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளுள் ஒன்று உள்ளூர்க் கடையில் கிடைக்காமல் போகலாம். “ரெண்டு நாள்தானே, சந்தைக்குப் போறப்ப வாங்கிக்கலாம்” என்று விடுவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு மாதத்துக்கான இருப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

நகரத்தைப் பற்றி நாங்கள் சொல்வது பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி. காலை எட்டரைக்குப் பூட்டப்படும் வீடு. மாலை ஏழுவரை தொலைக்காட்சியும் அவரும். ஊரில் காலையில் தேநீர்க் கடைவரை நடந்து, கண்மாய்க் கரையைச் சுற்றி, வழியில் பத்துப் பேரிடம் நின்று பேசித் திரும்பியவருக்கு, இங்கே கீழே இறங்கினால் இருசக்கர வாகனங்களுக்கிடையே நடக்க இடமில்லை. இதயம் பாதித்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது பொதுவானது. வந்தால் மாத்திரையும் நடையும் தவறும், நோயின் போக்கும் மோசமாகும். “பக்கத்துலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே” என்று மகன் சொல்வது உண்மைதான். பகல் முழுதும் தனியே இருப்பவருக்கு நெஞ்சு வலித்தால், அந்த ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிவருவார் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். நிமிடக் கணக்கு நகரத்துக்கும் பொருந்தும்.

இந்த வழக்குகளில் எங்களுக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. அப்பா எங்கே வாழ வேண்டும் என்று எல்லாரும் வாதிடும்போது, அம்மா ஒரு மூலையில் கூடையோடு உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை. அப்பா ஊருக்குத் திரும்பினால் உப்பில்லாமல் தனிச் சமையல் செய்வதும், மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், இரவில் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி விழித்திருப்பதும் அவர்தான். அவருக்கும் மூட்டுவலியும் சர்க்கரையும் இருக்கும். நோயாளி அம்மாவாகவே இருந்துவிட்டால் கதை இன்னும் விசித்திரம். ஓய்வுக்கென்று நகரத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். சில வாரங்களில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பினாலோ குடமும் விறகும் காத்திருக்கின்றன. எந்த ஊர் என்பதைவிட, அந்த வீட்டில் அவர் உட்காரும்போது யார் எழுந்து வேலை செய்வார் என்பதே அவருடைய இதயத்துக்கு முக்கியம். “உங்களுக்கு எங்க இருக்கப் பிடிக்கும்மா?” என்று நாங்கள் கேட்டால், பெரும்பாலும் அவர் முதலில் கணவரின் முகத்தைப் பார்க்கிறார், பிறகு மகனின் முகத்தை. காத்திருந்தால் பதில் வரும்.

ஊர் என்று முடிவானவர்கள் கோடையில் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர் சித்திரை வெயிலில் வரப்பில் நின்றால் உடலின் நீரும் உப்பும் குறைந்து தலைசுற்றி விழக்கூடும். வீட்டில் ஓர் எடை பார்க்கும் கருவி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்குமுன் எடை பாருங்கள். மூன்று நாள்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் அது சோறு போட்ட சதை அன்று, உடலில் தேங்கிய நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் எங்களை அழையுங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, எங்கே வாழ்வதென்று வீட்டில் பேசியதைச் சம்பந்தப்பட்டவர் முன்னிலையிலேயே எங்களிடம் சொல்லுங்கள். ஊருக்குப் போவதானால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுக்க, நோயின் விவரமும் மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு கடிதம் தருவோம். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலும் அதோடு இருக்கும். அதை ஊறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டாமல், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வையுங்கள்.